இடக்கை நாடி

தமிழில் ‘நாடி’ என்னும் சொல் ஓரிடத்தில் நிற்பதன்று. முகவாயும் நாடி, மணிக்கட்டில் துடிப்பதும் நாடி, ஒன்றை விரும்பித் தேடிப் போவதையும் நாடிப் போவது என்கிறோம். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்வதைச் சொல்ல இச்சொல்லையே ஆள்கிறார் என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். துடிப்பாகிய நாடி பெயர்ச்சொல், ஆராய்தலாகிய நாடி வினையெச்சம் என்று வகுப்பறையில் பிரித்துக் காட்டிவிடலாம். என்னைப் பொறுத்தவரை அவ்விரண்டையும் பிரிப்பது எளிதாயில்லை. என் இடக்கை மணிக்கட்டில் நாடி கிடையாது. வலக்கையில் உண்டு, ஆயின் மெலிந்தது.

இதை முதலில் கண்டவர் மருத்துவமனை மருத்துவர் அல்லர். அம்மாவின் சிற்றப்பா, நாங்கள் சின்னத் தாத்தா என்று அழைப்பவர், தஞ்சைப் பக்கத்தில் சித்த வைத்தியம் பார்த்தவர். 2013ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து எங்களோடு ஒரு மாதம் தங்கியிருந்தார். அப்போது எனக்கு வயது 27. ஓராண்டாகவே சோர்வு, விட்டு விட்டு வரும் காய்ச்சல், எடைக்குறைவு. கரும்பலகையில் எழுதுவது வலக்கையாதலால் இடக்கையின் நோவை நான் பெரிதாக எண்ணவில்லை. பயிற்சி ஏடுகளைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறினால் மட்டும் அக்கை மரத்துப் போகும். ஆசிரியத் தொழிலின் அலுப்பு என்று பலரும் சொன்னார்கள்.

சித்த மருத்துவ மரபில் ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பது வழக்கம். ஆள்காட்டி விரலுக்கு வாதம், நடுவிரலுக்குப் பித்தம், மோதிர விரலுக்குக் கபம். மூன்று விரல்களையும் வைத்த தாத்தா, நெடுநேரம் எடுக்கவில்லை. மறுபடி வைத்தார். கழுத்தைத் தொட்டார், காலைத் தொட்டார். பிறகு, “அம்மாடி, இது என் மருந்துக்கு அடங்குகிற காரியமில்லை. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ” என்றார். தம் கலையின் எல்லையைத் தாமே கோடு கிழித்துக் காட்டிய அம்முதியவருக்கு நான் பட்ட கடன் பெரிது. அவர் ஒரு சூரணத்தைக் கொடுத்து என்னை அனுப்பியிருந்தால் நான் மகிழ்ச்சியோடு வாங்கித் தின்றிருப்பேன்.

நோயின் பெயர் தக்காயாசு தமனி அழற்சி. மிக்கித்தோ தக்காயாசு ஜப்பானியக் கண் மருத்துவர். 1908ஆம் ஆண்டு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் குருதிக்குழாய்கள் மாலைபோல் வளைந்து பின்னியிருந்ததைத் தம் துறையினர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். அக்கூட்டத்திலேயே வேறு இருவர் எழுந்து, தாங்கள் பார்த்த அத்தகைய நோயாளிகளுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றனர். கண்ணில் தெரிந்ததன் வேர் நெஞ்சில் இருந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியும் அதன் பெருங்கிளைகளும் உடலின் தற்காப்பு ஆற்றலாலேயே தாக்குண்டு, சுவர் தடித்து, உட்புழை ஒடுங்கிப் போகின்றன. 1951இல் ஜப்பானியர் இருவர் இதற்கு ‘நாடியற்ற நோய்’ என்றே பெயர் சூட்டினர். பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கே புதிதாக வரும் நோய் என்பர். ஆசிய நாடுகளில் சற்று மிகுதி. பத்தில் எட்டு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் நாற்பதைக் கடவாதவர்கள். அதாவது, பிள்ளை பெறும் பருவத்தினர். இந்நோயின் ஏற்ற இறக்கத்தை நோயாளியின் உடலைத் தொட்டும் கேட்டும் மதிப்பிட இந்திய மருத்துவர்கள் 2010ஆம் ஆண்டின் பெயரால் ஓர் அளவுகோல் வகுத்தனர். அதில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாருக்கும் பங்குண்டு. எங்கெங்கு நாடி இழந்தது, எந்தத் தமனியின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இரைச்சல் கேட்கிறது என்பவையெல்லாம் அதில் கணக்கு. சின்னத் தாத்தா விரல்களால் தேடியதும் ஏறத்தாழ அதுவே.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘அழற்சி’ அழகிய கலைச்சொல். அழல் என்றால் நெருப்பு. ஆங்கிலச் சொல்லின் வேரிலும் தீச்சுடரே இருக்கிறது. கலைச்சொல் ஆக்கியோர் நன்றாகவே ஆக்கினர். ஆனால் அச்சொல்லை அம்மாவுக்கு விளக்கிய நாளே என் வீட்டில் வேறொரு மருத்துவம் தொடங்கிவிட்டது. அழல் என்றால் சூடு. சூடு என்றால் குளிர்ச்சி கொடுக்க வேண்டும். வெந்தயம் ஊறியது, இளநீர் வந்தது, சனிக்கிழமை தவறாமல் தலையில் எண்ணெய் வழிந்தது. தமனிச் சுவரில் வெள்ளணுக்கள் திரண்டு நிற்பதை எண்ணெய்க் குளியல் கலைக்காது என்று நான் சொல்லவில்லை. இளநீர் சுவையாக இருந்தது.

ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பிரெட்னிசொலோன் நாள்தோறும் 40 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் குறைந்தது. உடன் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். முகம் நிலவுபோல் உருண்டது, பின் வடிந்தது. இரண்டாண்டுகளில் நோய் அடங்கிற்று. அடங்கிற்றே தவிர அகலவில்லை. ஒடுங்கிய தமனி ஒடுங்கியபடியே இருக்க, பக்கத்துச் சிறு குழாய்கள் பருத்துக் கைக்குக் குருதியைக் கொண்டு சென்றன. பெருஞ்சாலை அடைபட்டால் சந்துபொந்துகளில் வண்டிகள் போவதைத் தேக்காவில் தீபாவளிக் காலத்தில் பார்த்தவர்க்கு இது விளங்கும்.

2016இல் குழந்தை வேண்டும் என்றேன். மருத்துவர் மறுக்கவுமில்லை, வாழ்த்தவுமில்லை, நாட்காட்டியை எடுத்தார். குறைந்தது ஆறு மாதமேனும் நோய் அடங்கியிருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கருவைச் சிதைப்பது. கருவுறுவதற்கு மூன்று மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அதற்கு ஈடாக அசதயோப்ரின். உட்கொண்டுவந்த இரத்த அழுத்த மாத்திரையும் கருவுக்கு ஆகாத வகை. அதுவும் மாற வேண்டும். பன்னிரண்டாம் வாரம் முதல் சிறு அளவில் ஆஸ்பிரின். “எந்த மாத்திரையை விடுவது என்பதைப் போலவே எதை விடாமல் இருப்பது என்பதும் முக்கியம்” என்று அவர் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொண்டேன். பின்னால் உறவினர்களிடம் வாதாட அது உதவிற்று.

வாதாட வேண்டித்தான் இருந்தது. அம்மா பிறந்தது 1966ஆம் ஆண்டு, தேக்காவை ஒட்டியிருக்கும் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். மலாய் மொழியில் அப்பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். எருமைகளும் பால்காரர்களும் நிறைந்திருந்த வட்டாரம் அது. எருமைச் சாலை என்னும் பெயர் இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. 1924 அக்டோபரில் 30 படுக்கைகளோடு இலவசப் பேறுகால மருத்துவமனையானது, 1966இல் ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகளை இவ்வுலகுக்குக் கொண்டுவந்து கின்னஸ் நூலில் இடம்பெற்றது. இடமின்மையால் தாய்மார் தரைவிரிப்பிலும் படுத்திருந்தனர் என்று பாட்டி சொல்வார். 1997இல் அம்மருத்துவமனை புக்கித் தீமா சாலையில் புதுக் கட்டடத்திற்குப் பெயர்ந்தது. ஹேம்ஷயர் சாலைப் பழங்கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம், “அங்கே ஒரு நாளைக்கு நூறு பிள்ளை பிறந்தது, ஒருத்தியும் இத்தனை மாத்திரை விழுங்கவில்லை” என்பார் அம்மா. நூறு என்பது மிகையன்று. 40,000ஐ 365ஆல் வகுத்துப் பார்க்கலாம். மாத்திரைக் கணக்கைத்தான் நம்புவதற்கில்லை.

பிள்ளைத்தாய்ச்சி மாத்திரை விழுங்கலாமா என்பதே எல்லாருடைய கேள்வியும். வளைகாப்பிற்கு வந்த உறவுப் பெண்கள் வளையலை அடுக்கியபடியே, “பத்து மாசந்தானே, பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?” என்றனர். அன்பால் சொன்ன சொல்தான். எனினும் அச்சொல்லுக்குள் இருந்த ஆபத்தை அவர்கள் அறியவில்லை. ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு உண்ட உடம்பில், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்த சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்புவது ஒருபுறம். அச்சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாமல் உயிருக்கே கேடு வருவது மறுபுறம். குழந்தைக்கோ, நாங்கள் அஞ்சிய அளவு மருந்து போய்ச் சேர்வதில்லை. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் நின்று, பிரெட்னிசொலோனில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கடந்து செல்கிறது. நஞ்சு என்று பெயர் பெற்ற ஒன்று மருந்தைத் தடுத்துக் காப்பதை நினைத்துத் தமிழாசிரியையாகிய நான் சற்று நேரம் மகிழ்ந்திருந்தேன்.

அந்நொதியால் இன்னொரு செய்தியும் தெரிந்தது. ஏழாம் மாதத்தில் அம்மா சிராங்கூன் சாலை நாட்டு மருந்துக் கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய்ப் பிரசவ லேகியத்திற்குச் சாமான் வாங்கினார். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சித்தரத்தை, வால்மிளகு, அதிமதுரம், கருப்பட்டி. அப்பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன். நகைப்பார் என்று எண்ணினேன், அவர் நகைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கணினியில் பார்த்து, அதிமதுரத்தின் மேல் மட்டும் கோடிட்டார். இருமலுக்கு நாம் வாயில் அடக்கிக்கொள்ளும் அவ்வேர், அளவு மிகுந்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும், நான் மேலே சொன்ன நொதியையும் முடக்கும். என் நிலையில் மூன்றும் ஆகா. மற்றவை சமையலில் சேரும் அளவுக்கு இருந்தால் தடையில்லை. உப்பு மட்டும் குறைய வேண்டும், ஆகவே கருவாடு கூடாது என்றார். அம்மா சினப்பார் என்று நினைத்தேன். மாறாக அன்றிலிருந்து அம்மருத்துவர்மேல் அவருக்கு மதிப்பு உண்டாயிற்று. கடைக்குத் திரும்பிச் சென்று அதிமதுரப் பொட்டலத்தைக் கொடுத்து, அதற்கு ஈடாகக் கசகசா கேட்டார். கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள் என்பதைக் கடைக்காரர் நினைவூட்ட, ஏலக்காயோடு திரும்பினார்.

கருக்காலத்தில் பெண்ணின் குருதி ஏறத்தாழப் பாதியளவு பெருகுகிறது. ஒடுங்கிய தமனிகள் அவ்வெள்ளத்தைத் தாங்க வேண்டும். ஆதலின் எனக்கு எல்லாவற்றினும் முதன்மையானது இரத்த அழுத்தம். அதையோ என் கைகளில் அறிய முடியாது. இடக்கையில் கருவி ஒன்றும் காட்டாது. வலக்கை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். கால் தமனிகள் பழுதுறாமையால் தொடையில் பார்க்க வேண்டும். அதற்கென அகன்ற பட்டை ஒன்று வாங்கினோம். காலையும் மாலையும் நான் படுக்க, கணவர் பட்டையைச் சுற்றிக் காற்றேற்றிக் குறிப்பேட்டில் எழுதுவார். மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் இதை ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை ஒரு மருந்தகத்தில் இடக்கையில் பட்டையைக் கட்டிய இளம் தாதி, கருவி பழுதென்று மூன்று கருவிகளை மாற்றினார். அதே அறையில் சற்று முன்தான் குழந்தையின் இதயம் நிமிடத்திற்கு 150 முறை துடிப்பதை ஒலிபெருக்கியில் கேட்டிருந்தோம்.

2018 பிப்ரவரியில், முப்பத்தேழாம் வாரத்தில், மகள் பிறந்தாள். எடை 2.3 கிலோ. ஒடுங்கிய தமனிகள் உள்ள தாய்மாரின் பிள்ளைகள் சற்றுச் சிறுத்துப் பிறப்பதுண்டு. நான் மூச்சடக்கி முக்கி அழுத்தத்தை ஏற்றிக்கொள்ளாதிருக்க முதுகுத்தண்டில் மருந்து செலுத்தினர். இறுதியில் கருவியால் குழந்தையை எடுத்தனர். உறங்கும் சுரப்பிக்குப் பதிலாக நரம்பின் வழியே ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றினர். இவ்வளவையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், ஏனெனில் இவ்வளவும் முன்கூட்டியே எழுதி வைத்தபடி நடந்தன.

எழுதி வைக்காத பகுதி அதன் பின்னரே தொடங்கிற்று. பிள்ளை பிறந்தவுடன் எல்லார் கண்களும் தொட்டிலின் பக்கம் திரும்பிவிடுகின்றன. அதுவரை என்னைக் ‘கண்ணாடிப் பாத்திரம்’ போல் பேணியவர்களுக்கு நான் திடீரெனப் பால் தரும் பெண்ணானேன். ‘பெற்றுப் பிழைத்தாள்’ என்று தமிழில் சொல்கிறோம். பெற்றதோடு பிழைத்தலும் முடிந்துவிட்டதாக அத்தொடர் எண்ண வைக்கிறது. உண்மை வேறு. இரத்த அழுத்தம் பேற்றுக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் உச்சத்தை எட்டுவது இயல்பு. நோயில்லாத பெண்களுக்கும் அவ்வாறே. பேறுகால வலிப்பும் ஆறு வாரம் வரையில் வரக்கூடும். அந்நாள்களில்தான் தாய் வீட்டில் கதவடைத்துப் படுத்திருக்கிறாள்.

ஐந்தாம் நாள் அங் மோ கியோவில் அம்மா வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு அப்போது ஒரு தத்துவச் சிக்கல். அழற்சி சூடு, பிள்ளை பெற்ற உடம்போ குளிர்ந்தது, அதற்குச் சூடு வேண்டும். குளிர்விப்பதா, காய்ச்சுவதா? பூண்டுப்பாலையும் சுறாப்புட்டையும் கொடுத்துவிட்டு, இடையில் மோரையும் கொடுத்து இரு கட்சிக்கும் பொதுவாக நடந்துகொண்டார். பிற்பகலில் எனக்குத் தலை வலித்தது. உறக்கமின்மை என்றனர். பொழுது சாயச் சாயக் கண்முன் மின்மினி பறந்தது. தொடையில் பட்டையைச் சுற்றினோம், 178க்கு 100. மறுபடியும் பார்த்தோம், அதேதான்.

ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். நுழைவிலேயே வலக்கையில் பார்த்து, “126க்கு 82. நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள்” என்றார்கள். என் மருத்துவர் தந்த கடிதத்தை நீட்டினேன். படிக்க நேரமில்லை போலும். பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் பெண், இருக்கையை விட்டு எழ மறுத்து, பெரிய பட்டை கொண்டுவாருங்கள் என்று உரக்கச் சொல்வது கண்ணியக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். சொன்னேன். முதிய தாதி ஒருவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு ஓடிச்சென்று பட்டையைக் கொணர்ந்தார். அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தன. மூன்று நாள் அங்கே இருந்தேன். குழந்தையைக் கணவர் கொண்டுவந்து கொண்டுவந்து எடுத்துப் போனார்.

நான்காம் மாதம் கழுத்தின் இடப்புறம் வலித்தது. குருதிச் சோதனையில் அழற்சி அளவுகள் ஏறியிருந்தன. பேற்றுக்குப் பின் இத்தகைய நோய்கள் சிலருக்கு மீள எழுவதுண்டு. பிரெட்னிசொலோன் 30 மில்லிகிராமாயிற்று. அதை உண்டு நான்கு மணி நேரம் விட்டுப் பால் கொடுத்தால் போதும் என்றனர். பாலில் கலப்பது சிறிதே. ஆனால் இரண்டு மாதமாகியும் நோய் பணியவில்லை. மீண்டும் மெத்தோட்ரெக்சேட் தேவைப்பட்டது. அதை உண்பவள் பால் கொடுக்கலாகாது.

மருத்துவர் முடிவை என்னிடம் விட்டார். அம்மருந்தை ஆண்டு நிறையும் வரை தள்ளிப்போடலாம். அதற்குள் இன்னொரு தமனி ஒடுங்கினால், அது திரும்ப விரியாது. தாய்ப்பாலைப் போற்றிப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். தாயின் தியாகத்தைப் பற்றி நானே மாணவர்க்குக் கட்டுரைக் குறிப்புகள் கொடுத்திருக்கிறேன். மெழுகுவத்தி உவமையை மாணவர்கள் எழுதினால் பக்க ஓரத்தில் சரி போடுவோம். அவ்வுவமையில் மெழுகுவத்தி தீர்ந்துபோன பின் அறையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. ஆறாம் மாதம் முடிந்த வாரத்தில் பாலை நிறுத்தினேன். ‘பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காதவள்’ என்று ஒரு திருமண விருந்தில் என் காதுபடவே ஒருவர் சொன்னார். பதில் சொன்னது அம்மா. “அவளுக்கு நாடி எங்கே இருக்கிறது என்று தொட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள்” என்றார். அதுவரை மாத்திரைக்கு எதிர்க்கட்சியாய் இருந்தவர் அவர்.

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் சேர்த்து வைத்தார். உரையாசிரியர்கள் அந்நான்காமவரைப் பெரும்பாலும் மருந்து எடுத்துக் கொடுக்கும் ஏவலாளராகக் கொள்வர். எனக்குக் கிடைத்த நான்காமவர் அத்தனை பணிவானவர் அல்லர். கேள்வி கேட்டார், பட்டியல் போட்டார், முரண்டினார், பின்னர் என்னைவிட நன்றாகக் கணக்கு வைத்துக்கொண்டார். அம்மாவின் சமையலறை நாட்காட்டியில் என் அழுத்த எண்கள் பால் கணக்கோடு கலந்து கிடக்கும்.

இப்போது பிரெட்னிசொலோன் 5 மில்லிகிராம். எலும்பு தேயாதிருக்கச் சுண்ணச்சத்து. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். மூன்று மாதத்திற்கு ஒருமுறை மருத்துவர் கழுத்திலும் கையிலும் காலிலும் தொட்டுப் பார்க்கிறார். மகள் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள்.

சென்ற ஆண்டு என் ஒன்றுவிட்ட தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. எந்த நோயுமில்லாத பெண். எல்லாரும் தொட்டிலைச் சுற்றி நின்ற ஐந்தாம் நாள் அம்மா இரத்த அழுத்தக் கருவியோடு அங்கே போய்ச் சேர்ந்தார். தொடைப் பட்டை இவளுக்கு வேண்டா, கையிலேயே பார்க்கலாம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. 118க்கு 74. அம்மா அதை ஒரு தாளில் குறித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, பூண்டு உரிக்க உட்கார்ந்தார்.